பக்கத்து அறைக்கு வந்த கம்ப்யூட்டர்

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கப் போகிறவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் தாளைப் பார்த்தேன். எந்த வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல தாள்தான். அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த மாதிரி ஒரு தாள் எண்பதுகளில் எங்கள் பள்ளியில் எழுதப்பட்டது. எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் என் பெயர் கிடையாது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதோடுதான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் பழவேற்காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். வீடு பொன்னேரியில். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். ஊருக்குள் இருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் தண்ணீரைத் தாண்டிப் படகில் வருவார்கள். காற்று கடுமையாக இருந்தால் படகு வராது, அவர்களும் வரமாட்டார்கள்.

முதலில் ஒரு கால்குலேட்டர் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் நடந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு மாமா கப்பலில் வேலை. அவர் வாங்கி வந்த கால்குலேட்டரை ஒருநாள் பையில் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டான். சிவப்பாக எண்கள் எரியும். நான் பலகையில் வகுத்தல் போட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வகுப்பு மொத்தமும் கடைசி பெஞ்சு மேல் குனிந்துகொண்டிருக்கிறது. என் பலகையை அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. உள்ளங்கை அளவு டப்பா மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வது.

பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கலாம். பிடுங்கினால் நாளைக்கு அதைவிட ஆசை கூடும், அவ்வளவுதான் நடக்கும். அதனால் அவனை முன்னால் கூப்பிட்டேன். "நான் ஒரு கணக்குச் சொல்றேன். நீ தட்டிட்டுக் கையால மூடிக்கோ. மத்தவங்க எல்லாரும் விடை எவ்வளவு கிட்ட வரும்னு முதல்ல சொல்லணும். அப்புறம்தான் திறக்கணும்" என்றேன். வகுப்பு ரெண்டு பட்டது. நூறுக்கு மேலே என்று பாதி, கீழே என்று பாதி. கையைத் திறந்தபோது வந்த கூச்சலில் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ஒருமுறை அவன் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டான். "டேய், மிஷின் தப்பு. அவ்ளோ எப்டிடா வரும்?" என்று ஒரு பெண் எழுந்து நின்று சொன்னாள். மிஷின் தப்புச் செய்யவில்லை, தட்டிய விரல்தான் தப்பு. ஆனால் எரிகிற எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் 'எப்படி வரும்' என்று கேட்டாளே, அதைத்தான் நான் அந்த வருஷம் சொல்லிக்கொடுத்ததிலேயே உருப்படியான விஷயமாக நினைக்கிறேன். உங்கள் தாளில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஜமீலா கதை.

ஜமீலா எங்கள் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்தவள். ஊர்க்காரி. அவளுடைய வாப்பாவுக்குக் கடைத்தெருவில் கடை. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நன்றாகப் பாடம் எடுப்பாள், நன்றாகச் சிரிப்பாள், பிள்ளைகளின் அம்மா பெயர் வரை நினைவில் வைத்திருப்பாள். ஒருவர் மேல் பொறாமைப்பட இது போதாதா? ஆனாலும் கம்ப்யூட்டர் வரும்வரை எனக்கு அவள் மேல் பெரிய மனத்தாங்கல் இல்லை.

எண்பதுகளின் நடுவில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு ஏற்பாடு வந்தது. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளால் கம்ப்யூட்டரில் எதுவரை கற்றுக்கொள்ள முடியும், எந்த வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம் என்று பார்ப்பதற்காக ஒரு மிஷினைப் பள்ளிக்கு இரவல் தருவார்கள். ஒரு டீச்சர் மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுத்துவர வேண்டும். பிறகு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். திருப்தியாக இருந்தால் மிஷின் நம்மிடமே இருக்கும். இல்லாவிட்டால் பொன்னேரியில் வேறொரு பள்ளிக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டர் என்றால் கணக்கு. கணக்கு என்றால் நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பயிற்சிக்குப் போக நல்லதாக ஒரு புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். ஹெட்மாஸ்டர் ஜமீலாவின் பெயரை அனுப்பினார்.

"வயசு கம்மியா இருக்கறவங்களைத்தான் கேட்டிருக்காங்கம்மா. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

"இதுல தப்பா எடுத்துக்க என்ன சார் இருக்கு?" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குகூட சரியாக வரவில்லை. எனக்கே வரவில்லை.

மிஷின் வந்தது. ஒரு சின்ன டி.வி., எழுத்துகளைத் தட்டுகிற பலகை, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். பாட்டுக் கேசட் மாதிரி ஒரு கேசட்டைப் போட்டால் அதிலிருந்து கணக்கு விளையாட்டு ஒன்று மிஷினுக்குள் போகும். திரையில் மீன் ஓடும், சரியான விடை தட்டினால் மீன் வலைக்குள் விழும். என் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். மீன் வலையில் விழும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். நான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் 'டிங்', கூடவே சிரிப்பு. என் வகுப்பு முழுதும் தடுப்பைப் பார்க்கும்.

உப்புக் காற்று, மணல், எல்லாப் பிள்ளையும் தொட்டால் கெட்டுவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் மூன்று வகுப்பிலிருந்தும் சில பிள்ளைகளை மட்டும் ஜமீலா தேர்ந்தெடுத்தாள். பள்ளிக்குத் தவறாமல் வருகிறவர்கள் என்பது விதி. விதியைப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் படகில் வருகிற ஒரு பிள்ளைகூட அதில் தேறவில்லை. காற்றை யாரால் பிடித்து நிறுத்த முடியும்?

தேர்வாகாத பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அவர்களில் லைட்ஹவுஸ் குப்பத்துத் தேசம்மா தினமும் இருப்பாள். ஏழாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பாள், விலகும்போது நெற்றியில் கோடு விழுந்திருக்கும். நான் ஜன்னலில் நிற்கவில்லை. எனக்கு மரியாதை இருக்கிறதே. தடுப்போரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நோட்டுத் திருத்துகிற பாவனையில் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒருநாள் கேட்டேன். ஜமீலா பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதுக்குச் சொந்த புத்தி கிடையாது. நாம சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது." சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே புத்தியில் ஏதோ பற்றிக்கொண்டது. இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறாளே, இதை வைத்து ஒரு வருஷம் பாடம் நடத்தலாமே என்று தோன்றியது.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் பிள்ளைகளை என் அறைக்குக் கூப்பிட்டேன். "இங்கயும் ஒரு மிஷின் கீது, வாங்க" என்றேன் அவர்கள் பேச்சிலேயே. ஒரு பையனை நடுவில் நிற்க வைத்தேன். அவன்தான் மிஷின். சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக் கூடாது. சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைக்க வேண்டும், இதுதான் விளையாட்டு.

"சொம்பை எடு" என்றார்கள். எடுத்தான். "ஊத்து" என்றார்கள். தரையில் ஊற்றினான்.

"டேய், டம்ளர்லடா" என்று கத்தினார்கள். அவன் அசையவில்லை. மிஷினுக்கு 'டேய்' தெரியாது.

தேசம்மா மற்றவர்களை அடக்கிவிட்டு முன்னால் வந்தாள். "டம்ளரை இடது கையில புடி. சொம்பு வாயை டம்ளர் மேல கொண்டா. சாய்" என்றாள். டம்ளர் நிரம்பியது, வழிந்தது, அவன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே நின்றான். "நிறுத்துன்னு யாரும் சொல்லலியே" என்றான் அந்த மிஷின். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. "முதல்லேர்ந்து வரேன்" என்றாள்.

அதன் பிறகு மதியம் மணி அடித்தால் என் அறை நிரம்பிவிடும். ஜமீலாவின் பிள்ளைகளே இரண்டொருவர் இந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்கள். எனக்கு என்ன ஆனந்தம் தெரியுமா. சிரிப்புச் சத்தம் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்காகவே நான் சத்தமாகச் சிரித்த நாட்கள் உண்டு.

அதிகாரி வருகிற நாள் வந்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழைகிறேன், அந்த அறை வாசலில் கூட்டம். ஜமீலா மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கேசட்டிலிருந்த நாடா முழுவதும் வெளியே இழுக்கப்பட்டு, சிக்கலாகி, ஓரிடத்தில் அறுந்து, மேசை மேல் குவியலாகக் கிடந்தது. அந்த ஒரு கேசட்தான் எங்களிடம் இருந்தது.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். உடற்பயிற்சி சார் என்னைப் பார்த்தார். முந்தைய நாள் சாயங்காலம் பஸ் தாமதமானதால் கடைசியாகக் கிளம்பியவள் நான். என் வயிற்றெரிச்சல் அந்தப் பள்ளியில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

"யார் செஞ்சிருப்பாங்கன்னு ஏதாவது தோணுதாம்மா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. பார்வை இல்லை.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று சொல்லிவிட்டு என் வகுப்பறைக்குள் போனேன். எல்லாப் பிள்ளைகளும் நாடாக் குவியலைப் பார்க்க ஓடியிருந்தார்கள். அறையில் தேசம்மா மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவி முடிந்த பென்சிலை மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. குப்பத்துப் படகு என் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்துவிடும். தினமும் அந்த அறையை ஜன்னல் கம்பியில் நெற்றி பதியப் பார்த்தவள், ஊரே எட்டிப் பார்க்கிற நாளில் மட்டும் எழுந்து போகவில்லை. வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. அவள் பட்ட ஆசை எப்படிப்பட்டது என்று அந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் தெரியும். ஒரு பொருள் நமக்கு இல்லை என்றான பிறகு அது யாருக்குமே இல்லாமல் போனால் எவ்வளவு நிம்மதி என்று பல சாயங்காலம் பஸ்ஸில் யோசித்தவள் நான். நான் யோசித்தேன், அவள் செய்துவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாற்பது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பக்கத்தில் போய் நின்றேன். தலையைத் தூக்காமலே, "டீச்சர், நான்..." என்று ஆரம்பித்தாள்.

"இரு. இப்ப என்கிட்ட சொல்லாத" என்றேன். "நீ சொன்னா நான் கேட்டதா ஆயிடும். கேட்டா ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லியாகணும். எதுவா இருந்தாலும் ஆபீசர் போனப்புறம் ஜமீலா டீச்சர்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

"அடிப்பாங்களா?"

"தெரியாது. ஆனா நீதான் சொல்லணும்."

அவள் பெயரை அப்போதே சொல்லியிருந்தால் என் மேல் விழுந்த சந்தேகம் ஒரு நிமிஷத்தில் போயிருக்கும். அவளைப் பள்ளியை விட்டே அனுப்பியிருப்பார்கள். 'அவ்வளவு தூரத்திலிருந்து படகேறி வந்து வம்புதான் செய்யுதுங்க' என்று அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் எல்லார் மேலும் பழி விழுந்திருக்கும். பெரியவர்கள் முன்னால் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று முழுசாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் நல்ல பெயர் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஜமீலாவிடம் போனேன். அவள் மட்டும்தான் அறையில் இருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"டீச்சர், நீங்களா?"

"இல்ல."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

"சரி, விடுங்க" என்றாள். "இப்ப இன்னா பண்றது? கேசட் இல்லாம இது வெறும் டி.வி. பொட்டி. பிள்ளைங்களுக்குப் பாகங்கள் பேர் சொல்லத் தெரியும், கேசட் போட்டு விளையாடத் தெரியும். வேற ஒன்னும் நான் சொல்லித் தரல. அவ்ளோதான் எதிர்பார்க்கணும்னு அங்க சொல்லி அனுப்பினாங்க."

என் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். என் பிள்ளைகள் பக்கத்து அறையில் தயாராக இருந்தார்கள். அதிகாரி முன்னால் அவர்களை நிறுத்தினால் அன்றைய நாள் என்னுடையது. அதே காரணத்தால், நிறுத்தினால் நாடாவை அறுத்தது நான்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் மிஷின் பொன்னேரிக்குப் போய்விடும்.

இதை அப்படியே ஜமீலாவிடம் சொன்னேன். "என் பிள்ளைங்க ஒன்னு செஞ்சு காட்டுவாங்க. ஆனா காட்டினா, இதுக்காகத்தான் நான் அறுத்தேன்னு பேசுவாங்க."

"காட்டலன்னா மட்டும் பேச மாட்டாங்களா?" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அந்தத் தண்ணி ஊத்தற விளையாட்டுதானே? உங்க சிரிப்புல எல்லாம் காதுல விழுந்துச்சு. சேர்ந்து செய்வோம் டீச்சர். மிஷினா நான் நிக்கறேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. என் விளையாட்டில் நடுவில் அவள் நிற்பதா? ஆனால் வெளியே ஜீப் சத்தம் கேட்டது. சரி என்றேன்.

அதிகாரி அமைதியான மனிதர். தேர்வான பிள்ளைகள் பாகங்களின் பெயரை ஒப்பித்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓடற மாதிரி ஏதாவது காட்டுங்க" என்றார். ஹெட்மாஸ்டர் வியர்வையைத் துடைத்தார்.

ஜமீலா பூசி மெழுகவில்லை. "கேசட் கெட்டுப்போச்சு சார். அது இல்லாம பிள்ளைங்க என்ன செய்வாங்கன்னு இன்னைக்கித்தான் நானும் பார்க்கப் போறேன்" என்றாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களையும் உள்ளே கூப்பிட்டாள். தேசம்மாவும் வந்தாள்.

ஜமீலா சாக்பீஸோடு பலகை முன்னால் மிஷினாக நின்றாள். ஏழாம் வாய்ப்பாட்டை எழுத வைக்க வேண்டும் என்றேன் நான். "ஏழு எழுது" என்றான் ஒருவன். ஜமீலா எண்ணாக எழுதாமல் 'ஏழு' என்று எழுத்தில் எழுதிவிட்டு மரம் மாதிரி நின்றாள். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். பிள்ளைகள் திருத்திக்கொண்டார்கள். எண்ணாக எழுது. அதோடு ஏழைக் கூட்டு. வந்ததை எழுது. மறுபடியும் அதையே செய்.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்றை அவள் செய்தாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். "இப்ப என்கிட்ட சொன்னதை இதுகிட்ட சொல்லுங்க. இதுக்குத் தெரிஞ்ச பாஷைல நான் தட்டறேன்" என்றாள். அதை அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடுநிலைப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொரு கட்டளையாகச் சொன்னார்கள், அவள் தட்டினாள். திரையில் ஏழு வந்தது, பதினான்கு வந்தது, இருபத்தொன்று வந்தது. எழுபது வந்தது. நிற்கவில்லை. நூறு தாண்டியது, ஆயிரம் தாண்டியது. எண்கள் திரைக்கு மேலே ஏறி ஏறி மறைந்துகொண்டே இருந்தன. ஹெட்மாஸ்டர் பதறிப்போய், "நிறுத்தும்மா, கெட்டுறப் போகுது" என்றார்.

"எப்பத்தான் நிக்கும் இது?" என்று அதிகாரி கேட்டார்.

"எப்டி சார் நிக்கும்? நிக்கச் சொல்லி நாம சொல்லவேயில்லியே" என்றது ஒரு குரல். தேசம்மா. எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

அதிகாரி அவளை முன்னால் கூப்பிட்டார். "என்ன சொன்னா நிக்கும்?"

"எழுபது வந்துச்சான்னு ஒவ்வொரு வாட்டியும் பாரு, வந்தா நில்லுன்னு சொல்லணும். இல்லாங்காட்டி அது பாட்டுக்குப் போய்க்கினே கீது... போய்க்கினே இருக்கும்" என்று அதிகாரிக்காகத் திருத்திச் சொன்னாள். ஜமீலா தட்டினாள். எண்கள் எழுபதில் போய் நின்றன. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜமீலாவின் பிள்ளைகள், என் பிள்ளைகள் என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி தட்டினார்கள்.

மிஷின் எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். போகும்போது ஜமீலாவின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்தில்தான் நான் நின்றேன். என் பெயரை அவர் கேட்கவில்லை. ஜமீலா, "சார், இந்த விளையாட்டு இவங்களோடது" என்று என்னைக் காட்டினாள். "அப்படியா, நல்லது" என்றார். பேனாவை ஏற்கெனவே மூடியிருந்தார்.

சாயங்காலம் தேசம்மா அந்த அறைக்குள் போனதை வராந்தாவிலிருந்து பார்த்தேன். பேசினது காதில் விழவில்லை. ஜமீலா நாற்காலியை விட்டு எழுந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். அவள் மேசை டிராயரிலிருந்து ஒட்டுநாடா எடுத்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, சிக்கலைப் பிரித்து, அறுந்த இடத்தை ஒட்டி, கேசட்டின் பல்லில் பென்சிலைச் செருகிச் சுற்றினார்கள். குப்பத்துக்குப் போகிற படகு கிளம்புகிற நேரம் வரை சுற்றினார்கள். அடுத்த நாளிலிருந்து வருகை விதி போய்விட்டது. யார் வேண்டுமானாலும் முறை வைத்து மிஷினில் உட்காரலாம் என்றானது. கெட்டுவிடும் என்று பயந்தார்கள், அப்படி ஒன்றும் கெடவில்லை. நாடாவில் ஒட்டுப்போட்ட இடம் வரும்போது மட்டும் மிஷின் சில நாள் திணறும், பின்னால் சுற்றி மறுபடி போட வேண்டும்.

தேசம்மாவை முதலில் மிஷின் முன்னால் உட்கார வைத்தது ஜமீலாதான். அதைச் செய்ய வேண்டும் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். அதிலும் முந்திக்கொண்டாள்.

பிறகு, எந்த வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம் என்று ஒரு தாள் எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் அறையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக எழுதினோம், இல்லை, சண்டை போட்டோம். பாகங்களின் பெயரை முதலில் வைக்கலாம் என்றாள் அவள். பேர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, தட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று சொல்லத் தெரிகிறதா, வந்தது தப்பென்றால் எங்கே தப்பு என்று தேடத் தெரிகிறதா, அதை எழுது என்றேன் நான். எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளாக ஒரு வரி சேர்த்தாள்: ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் மிஷினைத் தொட்டு வேலை செய்திருக்க வேண்டும், தொடாத பிள்ளையிடம் கீழே உள்ள எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அந்த வரி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜன்னல் பிள்ளைகள் என் பிள்ளைகள் அல்லவா. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. உங்கள் பள்ளியில் ஒரு மிஷின் இருந்தாலும் ஒரு அறை நிறைய இருந்தாலும், தாளில் டிக் போடுவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.

தாள் ஜமீலாவின் பெயரில் போனது. அடுத்த வருஷம் மற்ற பள்ளிகளுக்கும் அந்த மாதிரி தாள் தயாரிக்க அவளை மெட்ராசுக்கு எடுத்துக்கொண்டார்கள். மிஷின் என் பொறுப்புக்கு வந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். அவள் விட்டுப்போனதுதானே எனக்குக் கிடைத்தது. அது வேறு.

பள்ளியில் அவளுடைய கடைசி நாளன்று பஸ் ஸ்டாண்டு வரை என் கூடவே வந்தாள். அவளுக்கும் அதே பஸ் என்று நினைத்தேன். அவள் மறுநாள்தான் போகிறாளாம், என்னை வழியனுப்ப வந்தாளாம். பஸ் வரும் வரை கருவாட்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"ஒன்னு சொல்லணும் டீச்சர்" என்றாள். "அன்னைக்கி நாடா அறுந்து கிடந்தப்ப நீங்கதான்னு நான் நெனச்சேன். ஏன் தெரியுமா? உங்க இடத்துல நான் இருந்தா அறுத்திருப்பேன். எனக்கு அவ்ளோ எரிஞ்சுது."

"உனக்கு என்ன எரிச்சல்? மிஷின் உன்கிட்ட. பேர் உனக்கு."

"மத்தியானம் மணி அடிச்சா போதும், பிள்ளைங்க உங்க ரூமுக்கு ஓடுவாங்க. கம்ப்யூட்டரை வெச்சிக்கினு நான் தனியா உக்காந்திருப்பேன். கையில ஒரு சொம்பு, ஒரு டம்ளர், அதை வெச்சி இந்தம்மா எப்படி இழுக்கறாங்கன்னு அந்தப் பக்கம் உக்காந்து எவ்ளோ நாள் சாபம் விட்டிருக்கேன் தெரியுமா?"

பஸ் வந்துவிட்டது. ஏறினேன். கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். அவள் கண் கலங்கியிருந்தது. இந்த இடத்தில் எனக்கும் கலங்கியது, இத்தனை நாள் வீணாகப் பொறாமைப்பட்டோமே என்று வருந்தினேன் என்று சொன்னால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். வருந்தவில்லை. ஜமீலாவுக்கு என்னைப் பார்த்து எரிந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க, பொன்னேரி வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.